மரக்கால்களில் நிற்கும் தேநீர்க் குடில்: ஜப்பானியப் பாணியில் ஒரு சிறு கலைப்படைப்பு செய்ய முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் நகானோ மாகாணத்தில் சினோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே இரண்டு செஸ்ட்நட் மரத்தண்டுகளின் உச்சியில் ஒரு சின்னஞ்சிறு அறை நிற்கிறது. தரையிலிருந்து சுமார் 6 மீட்டர் உயரம். ஏணியில் ஏறி, வழியில் இருக்கும் சிறு மேடையில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த ஏணியைப் பிடித்து உள்ளே போக வேண்டும். காற்றடித்தால் அறை மெல்ல ஆடும். கட்டடக் கலைஞர் தெருநோபு ஃபுஜிமோரி 2004இல் தனக்காகக் கட்டிக்கொண்ட இந்தத் தேநீர்க் குடிலுக்கு தகாசுகி-ஆன் என்று பெயர்.

இதன் படத்தைப் பார்த்தவுடன் நாமும் இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாமே என்று கை பரபரக்கும். பெரும்பாலானோர் உடனே வெளித்தோற்றத்தை வரையத் தொடங்குவார்கள்: கோணல் கால்கள், சாய்ந்த கூரை, வட்டச் சன்னல். முடித்துப் பார்த்தால் கையில் இருப்பது ஒரு பறவைக்கூடு. ஃபுஜிமோரியின் குடில்கள் அப்படித் தோன்றாததற்குக் காரணம் ஒன்றுதான். அவற்றுக்குள்ளே வளர்ந்த மனிதர் ஒருவர் மண்டியிட்டு உட்கார முடியும், அவருக்கு எதிரே நெருப்பு எரியும், தண்ணீர் கொதிக்கும். அந்த இறுக்கமான, கறாரான உள்ளறைதான் வெளியே நடக்கும் விளையாட்டைத் தாங்குகிறது. ஆகவே இந்த வழிகாட்டி உள்ளிருந்து வெளியே போகும். கடைசியில் உங்கள் மேசையில் சுமார் 45 செ.மீ. உயரத்தில், 1:20 அளவில், மண் பூசிய ஒரு குடில் நிற்கும்.

செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விருந்தினருக்குச் சடங்குபோலத் தேநீர் கலந்து தருவதற்கான தேநீர் அறையை இன்றைய கறாரான சிறு வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் அமைத்ததாகக் கருதப்படும் அறைகளில் இன்றும் எஞ்சி நிற்பது தையான் ஒன்றுதான். கியோத்தோ மாகாணத்தின் யாமசாகியில், மியோகி-ஆன் என்ற கோயிலில் இருக்கிறது, 1582ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது, தேசியப் பொக்கிஷம். அதன் பரப்பு இரண்டே பாய்கள். ஜப்பானிய அறைகளை அளப்பது தத்தாமி என்ற கோரைப்பாயால்தான். கியோத்தோ வகைப் பாய் ஒன்று 191 செ.மீ. நீளம், அதில் பாதி அகலம். இரண்டு பாய்களைச் சேர்த்துப் போட்டால் ஒரு சதுரம். அதற்குள் விருந்தினர், விருந்து படைப்பவர், நெருப்பு, ஒரு பூ. அவ்வளவுதான்.

தையானின் சுவர்கள் மண்ணால் ஆனவை. மண்ணில் கலந்த வைக்கோல் துணுக்குகள் சுவரின் மேற்பரப்பில் வெளிப்படையாகத் தெரியும். பூவும் ஓவியச்சுருளும் வைக்கும் மாடமான தோகோனோமாவில், மூலைத் தூண்களைக்கூட மண்பூச்சால் மூடி வளைத்திருக்கிறார்கள். மூலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. சின்ன மாடம் ஆழமாகத் தோன்றும். இவ்வளவு கண்டிப்பான மனிதர் என்று பெயரெடுத்த ரிக்யூவின் அறையிலேயே கண்ணோடு விளையாடும் குணம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஃபுஜிமோரி எங்கிருந்தோ விளையாட்டைக் கொண்டுவந்து ஒட்டவில்லை.

ஃபுஜிமோரி 1946இல் சினோ பகுதியில் பிறந்தவர். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். முதல் கட்டடத்தை அவர் வடிவமைத்தது நாற்பதுகளின் நடுவில்தான்: 1991இல் சினோவில் எழுந்த ஜின்சோகான் மோரியா வரலாற்று அருங்காட்சியகம். அதன்பின் தகாசுகி-ஆன் வந்தது. யாமனாஷி மாகாணத்தில் ஒற்றைச் சைப்ரஸ் மரத்தண்டின் மேல், செர்ரிப் பூக்களைப் பார்ப்பதற்காகவே நிற்கும் தெத்சு குடில் வந்தது. 2010இல் கம்பிகளில் தொங்கும் ‘பறக்கும் மண்படகு’ வந்தது. அதே ஆண்டு லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் கரித்த மரப்பலகை போர்த்திய ‘வண்டு வீடு’ ஒன்றை நிறுத்தினார். இவற்றின் படங்களைத் தேடி நிதானமாகப் பாருங்கள். அப்படியே நகலெடுப்பதற்காக அல்ல. எந்தக் குடிலில் எது எதைத் தாங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

பொருட்கள்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த தாள் இரண்டு, 5 மி.மீ. ஒட்டுப்பலகைத் துண்டு, வெள்ளைப் பசை, கூரான கத்தி, இரும்பு அடிக்கோல், சலித்த செம்மண், மெல்லிய மணல், ஒரு கைப்பிடி வைக்கோல், தென்னை ஈர்க்கு, சணல் நூல், காய்ந்த மரக்கிளைகள், ஐஸ்கிரீம் குச்சிகள், மெல்லிய செப்புத் தகடு, கொஞ்சம் சிமென்ட். செப்புத் தகடு கைவினைப் பொருட்கள் விற்கும் கடைகளில் 0.1 மி.மீ. தடிமனில் சுருளாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் குளிர்பான அலுமினிய டப்பாவை வெட்டி விரித்தாலும் போதும். விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள்.

படி 1: மடித்து எழுப்பும் வரைபடம்

எடோ காலத்தில் (1603–1868) தேநீர் அறைகளைப் பதிவு செய்ய ஓர் அழகான முறை இருந்தது. ஒகோஷி-எசு என்பார்கள். ஒரே தாளில் தரைப்படத்தை வரைந்து, அதன் ஓரங்களில் நான்கு சுவர்களின் தாள்களையும் ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு சுவரிலும் கதவு, சன்னல், அளவு, என்ன மரம் என்பதெல்லாம் எழுதியிருக்கும். சுவர்களைத் தூக்கி நிறுத்தினால் அறை. படுக்கவைத்தால் தட்டையான தாள், உறைக்குள் வைத்து எடுத்துப் போகலாம். கட்டடம், வரைபடம், பொம்மை மூன்றும் ஒன்றாக இருக்கும் இந்த வடிவத்தை விட நல்ல தொடக்கம் நமக்கு வேறு கிடைக்காது.

தாளின் நடுவே 9.5 செ.மீ. சதுரம் வரையுங்கள். இதுதான் இரண்டு பாய்கள். நடுவில் ஒரு கோடு போட்டால் பாய்களின் எல்லை தெரியும். நான்கு பக்கமும் 9 செ.மீ. உயரச் சுவர்களை வரையுங்கள். உண்மை அளவில் இது 1.8 மீட்டர். ஒரு பாயின் ஓரத்தில் 2.1 செ.மீ. சதுரமாக அடுப்புக்குழியைக் குறியுங்கள். ரோ என்று அழைக்கப்படும் இந்தக் குழியின் வழக்கமான அளவு 42.4 செ.மீ.

மடிக்கும் கோடுகளைக் கத்தியின் பின்புறத்தால் லேசாகக் கீறிவிட்டு, சுவர்களை எழுப்பிப் பாருங்கள். இப்போதே ஒட்டவேண்டாம். அடுத்த இரண்டு படிகள் முடியும்வரை அறை திறந்து மூடக்கூடியதாகவே இருக்கட்டும்.

படி 2: உள்ளே ஒரு ஆள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உருவத்தைத் தாளில் வெட்டியோ களிமண்ணில் பிடித்தோ செய்துகொள்ளுங்கள். உயரம் சுமார் 4.3 செ.மீ. இப்படி இரண்டு பேர். இருவரையும் பாய்களில் எதிரெதிராக உட்கார வைத்து, தாள் சுவர்களை எழுப்புங்கள்.

இப்போது உங்கள் கண்ணை அந்த உருவத்தின் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முழங்கால்களுக்கு நடுவே எவ்வளவு சொற்பமான இடம் இருக்கிறது, கூரை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லை என்பது அப்போதுதான் புரியும். இங்கிருந்து ஒரே ஒரு முடிவை எடுங்கள்: இந்த ஆள் எந்தத் திசையில், எதைப் பார்க்க வேண்டும்? தகாசுகி-ஆனின் பெரிய சன்னல் ஃபுஜிமோரி வளர்ந்த ஊரையே பார்க்கிறது. தெத்சுவின் சன்னல்கள் செர்ரி மரங்களைப் பார்க்கின்றன. உங்கள் குடில் எந்த மேசையில், எந்தச் சன்னலோரத்தில் நிற்கப்போகிறதோ அங்கே பார்க்கத் தகுந்தது எது என்று தேர்ந்தெடுத்து, அந்தச் சுவரில் மட்டும் பெரிய சன்னலைக் குறியுங்கள்.

படி 3: குறுவாசலும் சன்னல்களும்

தேநீர் அறைக்குள் விருந்தினர் நிமிர்ந்து நடந்து போவதில்லை. நிஜிரிகுச்சி என்ற குறுவாசல் வழியாகக் குனிந்து, முழங்காலால் நகர்ந்துதான் நுழைவார்கள். வழக்கமான அளவு சுமார் 66 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம், தையானில் சற்றுப் பெரியது. நம் அளவில் 3.3 செ.மீ. உயரம், 3.2 செ.மீ. அகலம். ஒரு சுவரின் அடியில், மூலையை ஒட்டி வெட்டுங்கள். சுவர் வாசல் வேண்டாம் என்றால் லண்டனில் நின்ற வண்டு வீட்டைப்போலத் தரையில் துளையிட்டு ஏணியை உள்ளே விடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தலை மட்டும் தரைக்கு மேல் எட்டிப்பார்க்கும் அந்தக் கணத்தில் விருந்தினர் அறையை ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்க்கிறார்.

சிறு சன்னல் ஒன்றை மட்டும் பழைய முறையில் செய்யுங்கள். ஜப்பானிய மண்சுவரின் உள்ளே மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன்மேல்தான் மண்ணை அப்புவார்கள். ஓரிடத்தில் மட்டும் மண் பூசாமல் விட்டால் அந்தப் பின்னலே சன்னலாகிவிடும். இதற்கு ஷிதாஜி-மாதோ என்று பெயர். தென்னை ஈர்க்கை நீளவாக்கில் பிளந்து, 4 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, சந்திப்புகளை மெல்லிய நூலால் கட்டுங்கள். எல்லாச் சந்திப்பையும் கட்ட வேண்டியதில்லை. இடைவெளிகள் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால்தான் நன்றாக இருக்கும். இந்தப் பின்னலைச் சுவரின் துளைக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

பிறகு அறையைத் திறந்த நிலையில் வைத்தே பாய்களை ஒட்டுங்கள். மெல்லிய கோரைப்பாயின் துண்டு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பழுப்புத் தாளில் நெருக்கமாகக் கோடு போட்டால் போதும். அடுப்புக்குழிக்கு மேல் பாயில் சதுரம் வெட்டிவிட மறக்கவேண்டாம்.

படி 4: கால்கள்

தாள் அறையை ஒட்டுப்பலகையில் ஒட்டுவதற்குமுன் கால்களின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். இங்கேதான் பலருடைய குடில்கள் சாய்கின்றன.

உண்மையில் 6 மீட்டர் என்றால் நமக்கு 30 செ.மீ. 15 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள கிளைகளைத் தேடுங்கள். கொய்யாக் கிளை நல்ல தேர்வு: உறுதியானது, இயல்பாகவே வளைந்திருக்கும், பட்டை உரித்தால் வழவழப்பாக இருக்கும். முருங்கை வேண்டாம், உடையும். பச்சைக் கிளையை வெட்டியவுடன் பயன்படுத்தாதீர்கள். பட்டையை உரித்து, நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் பூச்சிகள் தங்கும். கிளை காயும்போது சுருங்கும்; குடிலில் பொருத்திய பிறகு சுருங்கினால் திருகு தளர்ந்துவிடும்.

கிளையைத் தேர்ந்தெடுக்கும்போது வளைவுக்காக மட்டும் ஆசைப்படாதீர்கள். ஃபுஜிமோரியின் குடில்களில் கால்கள் பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் எடை கீழே இறங்கும் பாதை தெளிவாக இருக்கும். உங்கள் கிளையின் உச்சியும் அடியும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் வருகின்றனவா என்று ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் வளையட்டும்.

10.5 செ.மீ. சதுரமாக ஒட்டுப்பலகையை வெட்டி, தாள் அறையை அதன்மேல் எழுப்பி வைத்து, அடியில் ஒரு பென்சிலின் முனையால் தாங்கிப் பாருங்கள். அறை சாயாமல் நிற்கும் புள்ளியை அடையாளமிடுங்கள். பெரிய சன்னல் இருக்கும் பக்கம் எடை குறைவு என்பதால் அந்தப் புள்ளி நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும். மண்ணும் கூரையும் ஏறியபின் இன்னும் கொஞ்சம் மாறும், ஆனால் திசை மாறாது. இரண்டு கால்கள் என்றால் அந்தப் புள்ளி அவற்றுக்கு இடையே வர வேண்டும். தெத்சுவைப்போல ஒற்றைக் கால் என்றால் கால் நேராக அந்தப் புள்ளிக்கே போக வேண்டும்.

பலகையில் துளையிட்டு, மேலிருந்து கிளையின் தலைக்குள் திருகாணியை முறுக்குங்கள். மேலே பாய் வந்தபின் திருகு தெரியாது. அடியில் ஒரு தட்டையான தகர டப்பாவில் சிமென்டும் மணலும் கலந்து ஊற்றி, கால்களை 6 அல்லது 7 செ.மீ. ஆழத்துக்கு நிறுத்துங்கள். கலவை காயும்வரை கால்களை நூலால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவைக்க வேண்டும். அடித்தளம் குடிலைவிடக் கனமாக இருப்பது அவசியம். காய்ந்தபின் விரலால் தட்டினால் அறை லேசாக ஆடலாம், ஆடட்டும், சாயக்கூடாது.

படி 5: மண் பூச்சு

எனக்கு மிகப் பிடித்த படி இது. அவசரமே கூடாது.

ஜின்சோகான் மோரியா அருங்காட்சியகத்தில் ஃபுஜிமோரி சிமென்ட் கலவையில் வைக்கோலைக் கலந்து பூசி, அதன்மேல் மண்ணைச் சேர்த்தார். பழைய முறை அப்படியே வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இல்லை. மண்ணின் தோற்றமும் தொடுகையும் வேண்டும், அது நிற்கவும் வேண்டும். நாமும் அப்படியே செய்யலாம். மூன்று பங்கு செம்மண்ணைத் தேயிலை வடிகட்டியால் சலித்து, ஒரு பங்கு மெல்லிய மணலும், 3 முதல் 4 மி.மீ. நீளத்துக்குக் கத்தரித்த வைக்கோலும் சேருங்கள். ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, இட்லி மாவின் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். ஒரு மணி நேரம் மூடி வைத்தால் வைக்கோல் ஊறி மென்மையாகும்.

இப்போது சுவர்களை எழுப்பி, மூலைகளை ஒட்டி, அறையைப் பலகையில் நிலையாகப் பொருத்துங்கள். தாளின்மேல் நேரடியாக மண்ணைப் பூசினால் தாள் ஈரத்தில் வளைந்துவிடும். முதலில் நீர் கலக்காத பசையைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவிக் காயவிடுங்கள். இந்தச் சொரசொரப்புதான் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு மி.மீ. தடிமனுக்குமேல் போகாமல் முதல் பூச்சு. வெளிப்பக்கம் பூசிய அன்றே உள்பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள்; ஒரு பக்கம் மட்டும் பூசினால் சுவர் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவையுங்கள். வெடிப்பு விழுந்தால் அடுத்த பூச்சு அதை நிரப்பும். நிறைய வெடித்தால் மணலைக் கூட்டுங்கள்.

அறையின் உள்மூலைகளை விரல்நுனியால் வளைத்துவிடுங்கள், தையானின் மாடத்தில் இருப்பதுபோல. கடைசிப் பூச்சு பாதி காய்ந்திருக்கும்போது ஈரமான பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தால் மேலுள்ள மண் விலகி, வைக்கோல் துணுக்குகள் பொன்னிறத்தில் வெளிப்படும்.

உள்சுவரின் அடிப்பாகத்தில் (நம் அளவில் 1.5 செ.மீ. உயரத்துக்கு) தாள் ஒட்டுவது தேநீர் அறைகளின் வழக்கம். சாய்ந்து உட்காருபவரின் உடையில் மண் படாமல் இருக்கத்தான் அது. சில அறைகளில் எழுதிய பழைய கடிதங்களையே ஒட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் யாரோ எழுதிய பழைய இன்லாண்ட் கடிதத்தின் பிரதி இருந்தால் அதிலிருந்து ஒரு பட்டை வெட்டி ஒட்டுங்கள். கையெழுத்தின் நீலக் கோடுகள் மண்ணின் சிவப்புக்கு அடியில் ஓடும்போது அறை சட்டென்று ஒருவருக்குச் சொந்தமானதாகிவிடும்.

படி 6: கரித்த பலகையும் செப்புக் கூரையும்

வெளிச்சுவர்களில் ஒன்றையாவது கரித்த மரத்தால் மூடலாம். யாகிசுகி என்பது ஜப்பானின் பழைய முறை: மூன்று பலகைகளை முக்கோணக் குழலாகக் கட்டி நிறுத்தி, அடியில் தீ மூட்டுவார்கள். குழல் புகைபோக்கிபோல் நெருப்பை உறிஞ்ச, உட்புறங்கள் கரியாகும். உடனே பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். மேலுள்ள கரி மழையையும் பூச்சியையும் தடுக்கும். நாம் ஐஸ்கிரீம் குச்சிகளை இடுக்கியால் பிடித்து எரிவாயு அடுப்பின் தீயில் காட்டினால் போதும். மெழுகுவர்த்தி வேண்டாம், அது புகைக்கரியைத்தான் பூசும். மேற்பரப்பு வெடிக்கத் தொடங்கியதும் தண்ணீரில் முக்குங்கள். சன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் வாளியோடு செய்யுங்கள். சிறுவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். காய்ந்த குச்சிகளுக்கு இடையே வெள்ளைச் சாந்தால் கோடு இழுத்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் வரும். நன்றாகக் கரித்த நீளப் பலகைகள் வளைந்து இடைவெளி விடுவதால் ஃபுஜிமோரி தன் யாகிசுகி வீட்டில் அப்படித்தான் நிரப்பினார்.

மீதித் தாளில் ஒரு கூரையை வெட்டிச் சுவர்களின்மேல் ஒட்டுங்கள். அதன்மேல் போர்த்த, செப்புத் தகட்டை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் கையால் கசக்கி, பாதி விரித்து, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரேமாதிரி கசங்கினால் உயிர் இருக்காது. நண்பர்களிடம் சில துண்டுகளைக் கொடுத்துக் கசக்கச் சொல்லுங்கள். ஃபுஜிமோரியும் தன் கட்டடங்களில் இத்தகைய வேலைகளுக்கு, தொழில் தெரியாத நண்பர்களைத்தான் சேர்த்துக்கொள்வார். பச்சை பிடித்த செம்பு வேண்டுமானால், ஒட்டுவதற்குமுன் வினிகரும் உப்பும் நனைத்த துணியில் சுற்றி ஓரிரவு வையுங்கள்.

படி 7: ஏணியும் நெருப்பும்

ஏணி மெல்லிய குச்சிகளும் சணல் நூலும்தான். இரண்டு துண்டாகச் செய்து, நடுவில் காலில் ஒரு சிறு மேடையைப் பொருத்துங்கள். அந்த மேடையில் அரிசி அளவில் ஒரு ஜோடி செருப்பு. தாள் அடிப்பாகம், சிவப்பு நூலில் வார். பார்ப்பவர்கள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுப்புக்குழிக்குள் மஞ்சள் நிறச் சிறு எல்இடி விளக்கு ஒன்றை வைத்து, ஒயரைப் பலகை வழியாகக் கீழே இறக்கி, ஒரு காலின் பின்புறமாக அடித்தளம்வரை கொண்டுபோங்கள். அறைக்குள் வேறு விளக்கு வேண்டாம். ஒளி கீழிருந்து மேலே போகும்போது மண்சுவரின் வைக்கோல் ஒவ்வொன்றும் நிழல் விழுந்து நிற்கும்.

வேறு வடிவங்கள்

கால்கள் வேண்டாம் என்றால் தொங்கவிடலாம். பறக்கும் மண்படகைப்போல அறையின் அடிப்பாகத்தைத் தாள்கூழால் படகு வடிவில் வளைத்து, நான்கு மூலைகளிலிருந்தும் மெல்லிய கம்பிகளை எடுத்து, உயரமான இரு பக்கக் கம்பங்களில் கட்டுங்கள். கம்பிகளின் நீளம் சமமாக இருந்தாலும் எடை சமமாக இருக்காது. ஒவ்வொரு கம்பியிலும் ஒரு திருகுக் கொக்கி வைத்தால் பிறகு சரிசெய்யலாம். மண்ணின் தடிமனை இங்கே பாதியாகக் குறையுங்கள்.

மண்ணுக்குள் இறங்கும் குடிலும் உண்டு. 2017இல் ஃபுஜிமோரி தகாசுகி-ஆனுக்குப் பக்கத்திலேயே ஹிகுசுகி-ஆன் என்ற, பாதி நிலத்துக்குள் புதைந்த குடிலைக் கட்டினார். அதன் கூரை நகர்ந்து வானத்தைத் திறந்துவிடும். இதைச் செய்ய ஆழமான மரப்பெட்டி ஒன்றில் மண் நிரப்பி, அறையை அதற்குள் இறக்கி, கூரையின் இரண்டு ஓரங்களிலும் ஈர்க்குத் துண்டுகளைத் தண்டவாளம்போல் ஒட்டினால் போதும். கூரை எடையில்லாமல் இருந்தால் சிக்காமல் நகரும் என்பதால், செப்புக்குப் பதில் தாள் கூரையின்மேல் மிக மெல்லிய மண்பூச்சு போடுங்கள்.